‘97% வரை திருப்பிக் கொடுக்கிறோம்’: இந்த 97 எதில் 97?

கடலோரம்

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். என் தம்பிக்கு 24 வயது, வேலைக்குப் போகிறான். சில மாதங்களாகப் போனில் ஸ்லொட் (பொத்தானை அழுத்தி உருளைகளைச் சுழற்றும் சூதாட்டம்) விளையாடுகிறான். நான் எதைச் சொன்னாலும் ஒரு விளம்பரத்தைத் தூக்கிக் காட்டுவான். அதில் ‘97% வரை திருப்பிக் கொடுக்கிறோம்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அவனுடைய கணக்கு இதுதான்: 10,000 ரூபா போட்டால் மிஞ்சிப் போனால் 300 ரூபா நட்டம், வெளியில் ஒருநேரம் சாப்பிடும் செலவுகூட இல்லை. ஆனால் சம்பளம் வந்த அன்றிரவு போடுகிற காசு விடியும்போது அப்படியே முடிந்திருக்கிறது. 9,700 மிஞ்சிய ஒரு நாளையும் நான் காணவில்லை.

விளம்பரம் பொய்யா, அல்லது அந்த எண்ணுக்கு அர்த்தம் வேறா? புத்திமதி வேண்டாம், அது வீட்டில் நிறையவே கிடைக்கிறது. யாராவது கணக்காக விளக்கினால் அவனுக்குக் காட்டுவேன். கணக்கு என்றால் அவன் கேட்பான்.

கணக்குவாத்தி

தங்கச்சி, விளம்பரம் பொய்யாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. தம்பி அந்த வீதத்தை வேறொரு தொகையால் பெருக்குகிறார், அவ்வளவுதான்.

97% என்பது நீங்கள் கொண்டுபோகும் காசில் 97 அல்ல. பந்தயமாக வைக்கும் காசில் 97. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அது ஒரு புதிய பந்தயம். 10,000 ரூபா இருக்கிறது, ஒரு சுற்றுக்கு 100 ரூபா என்று வையுங்கள். 100 முறை அழுத்தினால் அந்தப் 10,000 ஒரு தடவை மெசினுக்குள் போய் வந்துவிட்டது. சராசரியாக 9,700 மிஞ்சும். இதுவரை தம்பி சொன்னது சரி. ஆனால் அந்த இடத்தில் யார் எழும்பிப் போகிறார்கள்? வென்ற காசும் அதே கணக்கில்தான் கிடக்கிறது, அதையும் திரும்பப் போடுகிறோம். இரண்டாம் தடவை 9,409. பத்துத் தடவை போய் வந்தால் 7,374 அளவில் நிற்கும்.

வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். கையில் போன் இருந்தால் மணிக்கு 600 சுற்று மிகச் சாதாரணம், 6 செக்கனுக்கு ஒரு அழுத்து. சுற்றுக்கு 100 ரூபா என்றால் ஒரு மணித்தியாலத்தில் 60,000 ரூபாவுக்குப் பந்தயம் வைத்திருக்கிறார். தன் கையிலிருந்து போட்டது 10,000 மட்டும் என்பதால் அவருக்கு அது தெரிவதில்லை. 60,000 இல் 3% என்றால் 1,800 ரூபா. மெசினின் உண்மையான வீதம் 92 என்றால் மணிக்கு 4,800.

காசு முழுவதும் கரைய எவ்வளவு நேரம் என்றும் போடலாம். போட்ட தொகையை மெசின் பிடிக்கும் வீதத்தால் வகுத்தால், முடியும்வரை சராசரியாக எவ்வளவுக்குப் பந்தயம் வைப்பார் என்பது வரும். 92% மெசினில் 10,000 ÷ 0.08 = 125,000 ரூபா. அது 1,250 சுற்று, இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். 97% மெசினிலும் ஐந்தரை மணித்தியாலம்தான். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய முன்பே முடிந்துவிடும். நீங்கள் பார்த்ததும் அதைத்தானே.

இரவுப்பணி

காலி வீதியில் ஒரு கசினோவில் மெசின்களைப் பராமரிக்கும் வேலை செய்திருக்கிறேன். இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வாத்தி சொன்ன கணக்கு சரி. நான் அந்த ‘வரை’யைப் பற்றி எழுதுகிறேன்.

‘97% வரை’ என்று போட, தளத்தில் 97 இல் ஓடும் மெசின் ஒன்று இருந்தால் போதும். மிச்சம் எல்லாம் 88 இலும் 90 இலும் ஓடலாம். விளம்பரத்தில் ஒரு எழுத்தும் பிழையில்லை. நீங்கள் இருக்கும் கதிரைக்கு முன்னால் இருப்பது எது என்று அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரே பெட்டி, ஒரே படம், ஒரே பாட்டு, உள்ளே இருக்கும் அமைப்பு வேறு. தயாரிக்கும் கம்பனிகளே ஒரு விளையாட்டை நான்கைந்து வீதங்களில் தருகின்றன, வாங்குபவர் தனக்கு வேண்டியதைத் தெரிவு செய்கிறார். ஒவ்வொன்றுக்கும் பார் ஷீட் என்று ஒரு தாள் உண்டு. எந்தச் சின்னம் எத்தனை இடத்தில், எந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு, மொத்த வீதம் என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். விளையாடுபவரின் கைக்கு அது வராது. இணைய விளையாட்டுகளிலும் இதே கதைதான். ஒரே பெயருள்ள விளையாட்டு ஒரு தளத்தில் 96, இன்னொன்றில் 94, வேறொன்றில் 90க்கும் கீழே. பெயரை வைத்து இணையத்தில் தேடினால் பெரும்பாலும் உயர்ந்த எண்தான் முன்னால் வரும்.

வெளிநாட்டுச் சட்டங்களைப் பார்த்தால் இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்று விளங்கும். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் குறைந்தபட்ச வீதம் 75. நியூ ஜேர்சியில் 83. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 87. இவை அடித்தளம் மட்டும், எல்லா மெசினும் அங்கேயே நிற்பதில்லை. நெவாடாவின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சபை மாதாமாதம் அறிக்கை வெளியிடுகிறது. மாநிலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் மெசின்கள் பிடிப்பது 7% அளவில் வரும். ஆனால் ஒரு சத மெசின்கள் டொலர் மெசின்களைவிட நன்றாகக் கூடுதலாகப் பிடிக்கின்றன. சின்னக் காசு மெசின்தான் பாதுகாப்பு என்று நினைத்து அதில் போய் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அதில் ஒரு சுற்றுக்கு ஒரு சதம் மட்டும் வைத்து யாரும் விளையாடுவதுமில்லை. பரிசுக் கோடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பந்தயம் வைத்து அழுத்துவார்கள், அது ஐம்பது அறுபது சதமாகிவிடும்.

இன்னொன்று. கொழும்பில் இலங்கைக் குடிமக்கள் கசினோவுக்குள் போகவே டொலர் கணக்கில் நுழைவு வரி இருக்கிறது. எந்த மெசினின் வீதத்திலும் அது சேராது. உங்கள் தம்பி ஒருநாள் நேரில் போகலாம் என்று யோசித்தால், முதல் பொத்தானை அழுத்த முன்பே அந்தத் தொகை போய்விட்டது என்று எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கட்டும்.

சனிக்கிழமை

எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள், ஆனால் விளையாடியவர்களுக்குத் தெரிந்தது வேறு. நீண்ட நேரம் கொடுக்காத மெசின் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த 97 எப்படி நிறையும்? ஒருவர் இரண்டு மணித்தியாலம் போட்டுத் தோற்று எழும்பிப் போன மெசினில் போய் இருந்து நான் வென்றிருக்கிறேன். வார இறுதி இரவுகளில் ஆட்கள் கூடியதும் மெசினை இறுக்கிவிடுவார்கள் என்பதையும் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கணக்குவாத்தி

சனிக்கிழமை அண்ணை, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. வகுப்பில் உயர்தர மாணவர்களும் இதையேதான் கேட்பார்கள். 97 எப்படி நிறைகிறது? யாரும் நிறைத்துவிடுவதில்லை. மெசின் தான் கொடுத்ததையும் வாங்கியதையும் பார்த்துச் சரிக்கட்டுவதில்லை. ஒவ்வொரு அழுத்திலும் உள்ளே ஒரு எழுமாற்று எண் எடுக்கப்படுகிறது. அதற்கு முந்தைய எண் எதுவென்று அதற்குத் தெரியாது. வீதம் சின்னங்களின் எண்ணிக்கையிலிருந்தும் பரிசுப் பட்டியலிலிருந்தும் வருகிறது.

கையால் ஒரு மெசின் செய்து பார்ப்போம். மூன்று உருளை, ஒவ்வொன்றிலும் பத்து இடம். ஒரு இடத்தில் நட்சத்திரம், இரண்டில் மணி, மூன்றில் மாம்பழம், மிச்சம் நான்கும் வெற்று. மொத்தச் சேர்க்கைகள் 10 × 10 × 10 = 1,000. மூன்று நட்சத்திரம் வருவது ஒரேயொரு வழியில். மூன்று மணி 2 × 2 × 2 = 8 வழியில். மூன்று மாம்பழம் 27 வழியில். மற்ற 964 சேர்க்கைக்கும் ஒன்றும் இல்லை. மூன்று நட்சத்திரத்துக்குப் பந்தயத்தின் 300 மடங்கு, மணிக்கு 35 மடங்கு, மாம்பழத்துக்கு 12 மடங்கு கொடுப்போம். 300 + 280 + 324 = 904. ஆயிரத்துக்கு 904, அதாவது 90.4%. விளம்பரத்தில் போடக்கூடிய எண் இது.

இதில் 300 பங்கு அந்த ஒரு நட்சத்திரச் சேர்க்கையிலிருந்து வருகிறது. அதைக் காணாதவருக்கு இந்த மெசின் 90% மெசின் அல்ல, 60% மெசின். 100 பேர் ஆளுக்கு 500 சுற்று விளையாடினால் அவர்களில் 61 பேர் அளவில் நட்சத்திரத்தைக் காணாமலே எழும்புவார்கள். சுற்றுக்கு 100 ரூபா என்றால் அவர்கள் வைத்த பந்தயம் ஆளுக்கு 50,000. விளம்பரத்தின்படி நட்டம் 4,800 ஆக இருக்க வேண்டும். அந்த 61 பேரின் சராசரி நட்டமோ 19,800க்குக் கிட்ட. விளம்பரத்தில் பொய்யில்லை, மெசினில் களவில்லை, இருந்தும் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னதைப்போல நான்கு மடங்கு இழந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய காசு நட்சத்திரம் விழுந்தவருக்குப் போனது, கசினோ தன் பங்கை எடுத்துக்கொண்டது.

இப்போது பரிசுப் பட்டியலை மட்டும் மாற்றுகிறேன். நட்சத்திரத்துக்கு 40, மணிக்கு 27, மாம்பழத்துக்கு 24. 40 + 216 + 648 = 904. அதே 90.4%. ஆனால் இந்த மெசினில் காசு மெதுவாகக் கரையும், பெரிய பரிசு என்று எதுவும் இல்லை. வீதம் ஒன்று, விளையாட்டு இரண்டு. இந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றி விளம்பரம் ஒரு சொல்லும் சொல்லாது.

நீண்ட காலத்தில் வீதம் சரியாகிவிடும் என்பார்கள். எவ்வளவு நீண்ட காலம்? எங்கள் முதல் மெசினில் ஒருவர் 10,000 சுற்று விளையாடினாலும், அப்படி விளையாடுபவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு 80க்கும் 100க்கும் இடையில் எங்கேயோ விழும். மிச்சம் ஒரு பங்கினர் அதற்கும் வெளியே. 10 இலட்சம் சுற்று ஓடிய பிறகுதான் 90.4ஐ விட்டு ஒரு புள்ளி இப்படி அப்படி என்று அடங்கும். அத்தனை சுற்றைக் காண்பது கசினோவின் கணக்குப் புத்தகம். தம்பி காணப்போவதில்லை.

நீங்கள் வென்ற அந்த மெசின் முன்னவருக்கும் அதே வாய்ப்பைத்தான் கொடுத்தது, உங்களுக்கும் அதையே கொடுத்தது. தோற்று எழும்பிய மெசினில் போய் இருந்து தானும் தோற்றவர்கள் அதைக் கதையாகச் சொல்வதில்லை.

இரவுப்பணி

இறுக்குவது பற்றி: ஒரு அமைப்பை மாற்ற மெசினை நிறுத்த வேண்டும், நான் வேலை செய்த இடத்தில் அதற்குப் பதிவும் கையெழுத்தும் வேண்டும். ஆட்கள் நிறைந்த இரவில் ஓடுகிற மெசினை நிறுத்துவது கசினோவுக்கே நட்டம். வார இறுதியில் ஆட்கள் கூட, பந்தயமும் கூடுகிறது, அதே வீதத்திலேயே அவர்களுக்குப் போதுமான காசு வருகிறது. மாற்ற வேண்டிய தேவை எங்கே?

ஆனால் ‘கிட்ட வந்து தப்பியது’ என்று எல்லோரும் சொல்வார்களே, அதற்குக் காரணம் உண்டு. 1984 இல் டெல்னேஸ் (Inge Telnaes) என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். கண்ணுக்குத் தெரியும் உருளையில் இருபது இருபத்திரண்டு இடம்தான் இருக்கும், உள்ளே கணினியில் அதைவிடப் பல மடங்கு நீளமான கற்பனை உருளை ஓடும். பெரிய பரிசுச் சின்னத்துக்கு அதில் ஒரே ஒரு இடம் கொடுத்து, அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு நிறைய இடம் கொடுக்கலாம். அப்போது பெரிய சின்னம் பரிசுக் கோட்டுக்கு ஒரு படி மேலே அல்லது கீழே நிற்பதை அடிக்கடி காண்பீர்கள். கண்ணால் உருளையைப் பார்த்து இருபதில் ஒன்று என்று கணக்குப் போட்டால் அது முழுப் பிழை. வாத்தி காட்டிய மெசினில் சின்னங்களை எண்ணலாம், நிஜ மெசினில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

குரொய்டன்வாசி

லண்டனிலிருந்து விடுமுறைக்குக் கொழும்பு வந்திருக்கிறேன், இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. பிரித்தானியாவில் மெசினிலும் இணைய விளையாட்டிலும் அந்த விளையாட்டின் வீதத்தை விளையாடுபவர் பார்க்கக்கூடியதாகக் காட்ட வேண்டும். ‘வரை’ போட்டுத் தப்ப முடியாது, குறிப்பிட்ட விளையாட்டின் எண் அங்கே இருக்க வேண்டும். வாத்தி வேகத்தைப் பற்றி எழுதினாரே, 2021 ஒக்டோபர் இறுதியிலிருந்து இணைய ஸ்லொட்டில் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2.5 செக்கன் எடுக்க வேண்டும் என்று அங்கே விதி. அதே விதியோடு இன்னொன்றும் வந்தது. 100 வைத்து 40 திரும்பி வந்தால் அது 60 நட்டம். அதற்கு மணியடித்து, நாணயம் கொட்டுவதுபோலக் காட்டக் கூடாது. 2025 இல் ஒரு சுற்றுக்கான உச்சத் தொகையையும் 5 பவுண் என்று வைத்தார்கள், 18 முதல் 24 வயதுவரை 2 பவுண்தான். கடலோரம் அக்காவின் தம்பி அந்த வயதுக்குள் வருகிறார். இந்த வயதுக்காரரை ஒரு அரசாங்கம் தனியாக எடுத்துப் பார்த்திருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

இரவுப்பணி

நன்றி அண்ணை. இங்கேயும் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டமூலத்தை நிறைவேற்றியது. அதே மாதம்தான் கொழும்பில் அந்தப் பெரிய புதிய கசினோவும் திறந்தது. அதிகாரசபையிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: ஒவ்வொரு மெசினின் முகத்திலும் அதன் வீதம் எழுதியிருக்க வேண்டும், விளம்பரத்தில் ‘வரை’க்கு இடமே இருக்கக் கூடாது. உள்ளே நின்று வேலை செய்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எண் அவர்களிடம் இருக்கிறது, தசமத் தானத்தோடு இருக்கிறது. காட்டுவதற்கு ஒரு செலவும் இல்லை.

சனிக்கிழமை

நட்சத்திரக் கணக்கை நானும் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். 60% என்பது சரியாகத்தான் வருகிறது. ஒரு கேள்வி: அப்படியென்றால் எண்கள் உள்ள சக்கரத்தில் பந்தை ஓடவிடும் ரூலெட் நல்லதா?

கணக்குவாத்தி

ஒற்றைப் பூச்சியம் உள்ள ரூலெட்டில் 37 இடம், கசினோவின் பங்கு 2.7%. இரட்டைப் பூச்சியம் என்றால் 38 இடம், 5.26%. எண்ணிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், ஒளித்து வைக்க எதுவும் இல்லை. மேசையில் மணிக்கு நாற்பது சுற்று அளவில்தான் நடக்கும் என்பதால் அதே பந்தயத் தொகைக்கு இழப்பு மெதுவாக வரும். நட்டம் நட்டம்தான்.

கடலோரம்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு தம்பியும் நானும் இருந்து முழுவதையும் வாசித்தோம். பிறகு அவனே விளையாட்டைத் திறந்து, மூலையில் இருக்கும் உதவிப் பக்கத்தைக் கடைசிவரை இறக்கிப் பார்த்தான். ஆர்.டி.பி. (திருப்பிக் கொடுக்கும் வீதம்) என்று சின்ன எழுத்தில் 94 போட்டிருக்கிறது. விளம்பரத்தில் 97. அவன் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வேறொன்று கேட்கச் சொன்னான்: 10,000 போட்டால் தாங்களும் 10,000 போனஸ் தருவதாகத் தளம் சொல்கிறதாம். போனஸை 35 மடங்கு விளையாடி முடித்தால் எல்லாவற்றையும் வெளியே எடுக்கலாம் என்று நிபந்தனை. இலவசக் காசு வந்தால் அந்த 6% நட்டத்தை அது ஈடு செய்யாதா?

கணக்குவாத்தி

10,000 இன் 35 மடங்கு 350,000. அவ்வளவுக்குப் பந்தயம் வைத்து முடிக்க வேண்டும். 94% விளையாட்டில் அதற்கான சராசரி நட்டம் 350,000 இன் 6%, அதாவது 21,000 ரூபா. அவருடைய 10,000, அவர்களுடைய 10,000, இரண்டும் சேர்த்தே கையில் 20,000தான். நிபந்தனையை முடிக்க முன்பே பெரும்பாலும் கணக்கு வெறுமையாகிவிடும். அதிர்ஷ்டம் அடித்து முடித்து எடுப்பவர்கள் சிலர் இருப்பார்கள், விளம்பரத்தில் சிரிப்பவர்கள் அவர்கள்தான். உண்மையிலேயே 97% விளையாட்டாக இருந்தால்கூட நட்டம் 10,500, போனஸைவிட 500 கூட.

அந்த நிபந்தனைப் பக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மடங்கு போனஸுக்கு மட்டுமா, போட்ட காசையும் சேர்த்தா என்று ஒன்று. சேர்த்து என்றால் 700,000க்கு விளையாட வேண்டும். மற்றது, வெளியே எடுக்கக்கூடிய உச்சத் தொகை.

கடலோரம்

பார்த்தோம். சேர்த்துத்தான்.